சுவிட்ச் வலையமைப்பில் லூப்: எங்கே என்று கண்டுபிடித்துப் பிரிப்பது எப்படி?

வெள்ளவத்தையில் மூன்று மாடி அலுவலகம், திடீரென்று நெட்வொர்க் முழுவதும் உறைந்துவிட்டது, சுவிட்ச் விளக்குகள் எல்லாம் ஒன்றாக மின்னுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விளக்குகளே பாதிப் பதில்: வயர்கள் எங்கோ சுற்றிவந்து வளையமாக (லூப்) இணைந்திருக்கின்றன. ஐபி பொதி முடிவின்றிச் சுற்றாமல் தடுக்கும் ஆயுள் எண், அதைச் சுமந்து செல்லும் ஈதர்நெட் சட்டகத்தில் கிடையாது. வளையத்தில் மாட்டிய பிராட்காஸ்ட் (எல்லாக் கருவிகளுக்கும் போகும் செய்தி), யாராவது வயரைக் கழற்றும்வரை சுற்றிப் பெருகிக்கொண்டே இருக்கும்.

மேனேஜ்டு சுவிட்ச் (உள்ளே நுழைந்து அமைப்புகளை மாற்றக்கூடியது) என்றால், கணினியை நேரடியாக அதோடு இணைக்கும் கன்சோல் கேபிளைப் போட்டு லாக்கை, அதாவது நிகழ்வுப் பதிவைப் பாருங்கள். நெட்வொர்க் வழியாக நுழைய முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரே மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உரிய வன்பொருள் அடையாளம்) இரண்டு போர்ட்களுக்கு இடையே மாறி மாறித் தாவுகிறதா? அந்த இரண்டு வயர்களையும் பின்தொடருங்கள்.

சாதாரண சுவிட்ச் என்றால், பிரதான சுவிட்சில் மாடிகளுக்குப் போகும் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சில விநாடி பொறுங்கள். எதைக் கழற்றியதும் விளக்குகள் அடங்குகின்றனவோ, அந்த மாடிதான். அதைத் திரும்பச் செருகாமல், அங்கே போய் இதையே செய்யுங்கள். புறக்கோட்டையில் ஒரு கடையில் காலை முழுக்கத் தேடினேன். கடைசியில் மேசைத் தொலைபேசியின் இரண்டு துளைகளிலிருந்தும் வயர் சுவருக்கே போயிருந்தது! கணினிக்குப் போக வேண்டிய வயர் அது.

அப்புறம், 1985இல் ரேடியா பெர்ல்மன் உருவாக்கிய ஸ்பானிங் ட்ரீ இதற்கென்றே இருக்கிறது; சுவிட்ச்கள் பிபிடியு என்ற சிறு செய்திகளைப் பரிமாறி, வளையம் உண்டாக்கும் போர்ட்டைத் தாமே அடைத்துவிடும். அதன் வேகமான வடிவமான ஆர்எஸ்டிபியை இயக்குங்கள். பயனர் போர்ட்களில், பிபிடியு வந்தாலே போர்ட்டை மூடிவிடும் பிபிடியு கார்டையும் போடுங்கள். மேசைக்கடியில் இருக்கும் மலிவு சுவிட்ச் சில நேரம் பிபிடியுவைக் கடத்தாது. அங்கே, பிராட்காஸ்ட் அளவு மீறினால் கட்டுப்படுத்தும் ஸ்டார்ம் கன்ட்ரோல்தான் கைகொடுக்கும்.