கியர் பாக்ஸ் மாற்றிய லாரியில் கிளட்ச் கோளாறு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் ஆறு சக்கர லாரிக்குப் பழைய கியர் பாக்ஸ் ஒன்றை வாங்கி ஏற்றினோம். கிளட்ச் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் புதியவை. பெடலை முழுதாக மிதித்தாலும் ரிவர்ஸ் கியர் கரகரவென்று உரசித்தான் விழுகிறது. மறுபடியும் இறக்க வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு இறக்காதீர்கள். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது பெடலை முழுதாக மிதித்து, பத்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமின்றி விழுந்தால் கிளட்ச் நன்றாக இருக்கிறது; சுழன்றுகொண்டிருந்த கியர் பாக்ஸ் ஷாஃப்ட் நிற்பதற்குள் நீங்கள் கியரைப் போட்டிருக்கிறீர்கள். பொறுத்தும் உரசினால் பிளேட் ஃப்ளைவீலை (இன்ஜினோடு சுழலும் கனத்த சக்கரத்தை) விட்டு விலகவில்லை என்று பொருள்.

அடுத்து, இன்ஜினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் அடியில் இருந்து ஸ்லேவ் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தால் கிளட்ச்சை விலக்கும் சிலிண்டரின்) புஷ் ராடு (தள்ளும் கம்பி) எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளந்து, அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிடட்டும். குறைவாக நகர்ந்தால் கோளாறு வெளியே, அதாவது ஆயிலில் சிக்கிய ஏர் (காற்று), பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர், தேய்ந்த பெடல் புஷ் (பெடல் அச்சின் உறை) ஆகியவற்றில் இருக்கிறது. சரியாக நகர்ந்தும் கிளட்ச் விலகவில்லை என்றால்தான் பெல் ஹவுசிங்கை (கிளட்ச்சை மூடியிருக்கும் கூட்டை) திறக்க வேண்டும். பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கலாம். பிளேட்டின் நடுப்பகுதியான ஹப், ஷாஃப்டின் பல்லில் தடையின்றி வழுக்காமல் இருக்கலாம். ஷாஃப்டின் முன்முனையைத் தாங்கும் ஸ்பிகாட் பேரிங் இறுகியிருக்கலாம். ஆனால் கியர் பாக்ஸ் மாற்றிய வண்டி என்றால் நான் முதலில் சந்தேகிப்பது வளைந்த பிளேட்டைத்தான். ஏற்றும்போது ஜாக்கி சற்றுத் தாழ்ந்து, முழு எடையும் ஒரு கணம் ஷாஃப்ட் வழியாகப் பிளேட்டின் ஹப்பில் தொங்கினாலே புதிய பிளேட் வளைந்துவிடும். போல்ட்டை முறுக்கிக் கியர் பாக்ஸை உள்ளே இழுப்பதும் அதே கேட்டைத்தான் செய்யும்.

கேள்வி: பலமுறை ஏர் எடுத்தும் ராடு போதுமான அளவு நகரவில்லை. வாங்கி ஏற்றிய கியர் பாக்ஸோடு வந்த ஸ்லேவ் சிலிண்டரையே வைத்திருக்கிறோம்.

பதில்: இரண்டு சிலிண்டர்களின் விட்டத்தையும் அளந்து பாருங்கள். மாஸ்டர் 19.05 மி.மீ., வண்டியில் முன்பு இருந்த ஸ்லேவ் 22.2 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், மாஸ்டர் 30 மி.மீ. நகரும்போது ஸ்லேவ் ஏறக்குறைய 22 மி.மீ. நகரும். அந்த ஸ்லேவின் இடத்தில் 25.4 மி.மீ. விட்டமுள்ளது வந்துவிட்டால் அது 17 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். பெடல் முன்பைவிட இலேசாகிவிடுவதால் டிரைவர் மகிழ்ச்சியோடு ஓட்டுவார். கிளட்ச் மட்டும் விலகாது. எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாலும் இது தீராது. பொருத்தமான விட்டமுள்ள சிலிண்டரை மாற்றுவதே வழி.

கேள்வி: காலையில் நன்றாக இழுக்கும் வண்டி, சூடேறிய பிறகு மேட்டில் ஸ்லிப் ஆகிறது. ஆயில் பட்டிருக்குமா?

பதில்: படலாம், கிராங்க் ஆயில் சீலும் கியர் பாக்ஸின் முன் சீலும் கசிந்தால் பிளேட் நனையும். ஆனால் சூட்டில் மட்டும் வருகிற ஸ்லிப்புக்கு வேறொரு காரணமும் உண்டு. மாஸ்டர் சிலிண்டரின் புஷ் ராடில் ஃப்ரீ பிளே (சிறு இடைவெளி) இல்லாவிட்டால், கிளட்ச் ஆயில் தொட்டிக்குத் திரும்புகிற சிறு துளை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஆயில் போக வழியின்றி, யாரும் மிதிக்காமலே கிளட்ச்சை மெல்லத் தள்ளும். ஸ்லிப் ஆகும்போதே வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தி, ஸ்லேவில் ஏர் எடுக்கும் பிளீடர் ஸ்க்ரூவைச் சற்றுத் திறந்து மூடுங்கள். ஆயில் அழுத்தத்தோடு பீறிட்டு, பிறகு வண்டி இழுத்தால் ராடின் நீளத்தைக் குறைத்துச் சரிசெய்தால் போதும்.

கேள்வி: மாற்றியதிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது. எந்த பேரிங்?

பதில்: நியூட்ரலில் கேட்டு, பெடலை மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பாருங்கள். மிதிக்கத் தொடங்கும்போதே வந்தால், பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பேரிங். கியர் போட்டு, பெடலை முழுதாக மிதித்து நிற்கும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் ஸ்பிகாட் பேரிங்தான். அதைப் புதிதாகப் போட்டும் மீண்டும் கெட்டால், பெல் ஹவுசிங்கின் டவல் பின்கள் (கியர் பாக்ஸை நேராகப் பொருத்தும் ஊசிகள்) விடுபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.