அய்யன் வண்டி மறுபடியும் ஓடுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய வண்டிகளைப் பற்றியவை. கோபியிலிருந்து வந்த கடிதத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் அதே நிலைமையில் நம் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் நிறைய வண்டிகள் நிற்கின்றன.

கேள்வி: எங்க அய்யன் வாங்கின 1986 மாடல் ராஜ்தூத் யமஹா ஆர்டி 350 தோட்டத்துச் சாளையில், கட்டுத்தரையை ஒட்டி, பல வருசமா நிக்குதுங்க. கிக்கர் இறங்கவே மாட்டேங்குது. உள்ளூர் மெக்கானிக், டீசல் ஊத்தி ரெண்டு பேரு ஏறி மிதிச்சா விட்டுரும்ங்கறார். பெயிண்டர் ஒருத்தர் முதல்ல டேங்க்குக்குக் கலர் அடிச்சிரலாம்ங்கறார். எங்கிருந்து ஆரம்பிக்கறது? பழைய மாதிரி ஓடுமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஓடும்ங்க, தாராளமாக ஓடும். ஆனால் கிக்கரை மிதிக்கவே மிதிக்காதீர்கள், பெயிண்டரையும் கடைசியில் வரச் சொல்லுங்கள். எஞ்சின் வேலை நடக்கும்போது டேங்க் பத்து தடவை கழற்றி மாட்டப்படும், பெட்ரோல் சிந்தும், ஸ்பானர் படும். புதுப் பெயிண்ட் அத்தனையும் வீணாகும்.

கிக்கரை ஏன் மிதிக்கக் கூடாது என்றால், இது டூ ஸ்ட்ரோக். சிலிண்டர் சுவரிலேயே ஜன்னல் மாதிரி போர்ட்டுகள் இருக்கின்றன. துருவில் ஒட்டிய பிஸ்டனை ரெண்டு ஆள் பலத்தில் இறக்கினால் ரிங் அந்த ஜன்னல் விளிம்பில் மாட்டி ஒடியும், அது உடையாவிட்டால் கிக்கர் பல் போகும். 347 சிசி, ரெண்டு சிலிண்டர், ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது இன்னொன்று கீழே. வண்டி நின்றபோது எந்தப் பக்கம் போர்ட் திறந்திருந்ததோ அந்தப் பக்கம் சைலன்சர் வழியாக ஈரம் ஏறியிருக்கும், அதனால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பிடித்திருக்கும். ரெண்டு பிளக்கையும் கழற்றிவிட்டு, துரு இளக்கும் எண்ணெய் கொஞ்சம் ஊற்றி, சில நாள் அப்படியே விடுங்கள். பிறகு ஆறாவது கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். அசைந்து கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டால் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி, சுத்தியலை யார் கையிலும் தராதீர்கள். அப்படியே சைலன்சர் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். சாளையில் நின்ற வண்டிகளில் குளவி மண்கூடு கட்டியிருப்பதும், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி பஞ்சு சேர்த்திருப்பதும் சகஜம்.

அடுத்து வரும் விஷயத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். பிஸ்டன் விட்டுவிட்டது, பிளக்கில் நெருப்பு வருகிறது, ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது என்றவுடன் சந்தோசத்தில் ரோட்டுக்குக் கொண்டு போய்விடுகிறார்கள். பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்கின் ரெண்டு முனையிலும் இருக்கும் ஆயில் சீல் ரப்பர் அத்தனை வருசத்தில் காய்ந்து கல்லாகியிருக்கும். வலது பக்கம், கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரிக்கும், வெள்ளைப் புகை அடங்கவே அடங்காது, கியர் பாக்ஸில் ஆயில் குறைந்துகொண்டே போகும். இதையாவது கண்ணால் பார்த்துவிடலாம். இடது பக்கம், பிளக்குக்கு நேரம் பார்த்து நெருப்பு விடும் பாயிண்ட் இருக்கும் பக்கத்து சீல் போனால் புகையே வராது. வெறும் காற்றை இழுக்கும். கலவையில் பெட்ரோல் குறைந்து, ஐட்லிங் தானாக ஏறி இறங்காமல் நிற்கும், நாலு கிலோமீட்டர் முறுக்கினால் அந்தப் பக்கத்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புது பிஸ்டன் போட்டும் ஜாம் ஆகுதுங்க என்று வருகிற புகார்களில் நிறைய இதுதான் காரணம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. கார்ப்பரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, சின்ன பம்ப்பால் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு 6 நிமிடம் நில்லுங்கள். முள் இறங்கினால் சோப்பு நுரை தடவி எங்கே முட்டை விடுகிறது என்று பாருங்கள். சீலாகவும் இருக்கலாம், சிலிண்டர் அடியில் பேப்பர் கேஸ்கெட்டாகவும் இருக்கலாம். எஞ்சினை மூடிய பிறகு இந்தச் சோதனை செய்யாமல் எந்த மெக்கானிக் தந்தாலும் வண்டியை வாங்காதீர்கள்.

கிராங்க்கைப் பிரிக்க வேண்டி வந்தால் அது அழுத்திச் சேர்த்த கிராங்க், பிரஸ்ஸில் பிரித்து மறுபடி சேர்க்கும்போது நேர் பார்க்க வேண்டும். ரெண்டு சென்டர் நடுவில் வைத்துச் சுற்றினால் டயல் கேஜில், அதாவது நுண்ணிய அசைவை அளக்கும் முள் கருவியில், ஆட்டம் 0.05 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த வேலைக்கு நாம் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. பம்ப்பும் மோட்டாரும் செய்து பழகிய கைகள் கோவை கணபதி, பீளமேடு பக்கம் லேத் பட்டறைகளில் இருக்கின்றன. ஆனால் தேய்ந்த சிலிண்டரை உள்ளே கடைந்து பெரிதாக்கும் போரிங் வேலைக்கு முன், அதற்கேற்ற ஓவர் சைஸ் பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுங்கள், அவர்கள் பிஸ்டனை அளந்துதான் போர் போட வேண்டும், அட்டையில் எழுதிய அளவை நம்பி அல்ல. ஸ்டாண்டர்டு போர் 64 மில்லிமீட்டர். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் ரெண்டு சிலிண்டரையும் ஒரே அளவுக்கு எடுங்கள். வேலை முடிந்து வாங்கும்போது சிலிண்டருக்குள் விரலை விட்டு ஒவ்வொரு போர்ட் விளிம்பையும் தடவிப் பாருங்கள். பிளேடு மாதிரி கையைக் கிழித்தால் விளிம்பை மழுக்காமலே தந்துவிட்டார்கள் என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்து மழுக்கி வாங்குங்கள். புது ரிங் முதல் நாளே உடைவது அந்தக் கூர்மையால்தான்.

ஆயில் பம்ப்பைக் கழற்றி வீசிவிட்டு பெட்ரோலிலேயே கலந்து ஓட்டச் சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முறுக்கும் அளவுக்கு ஏற்ப ஆயில் தருவதற்காக யமஹாக்காரன் வைத்த பம்ப் அது. சுத்தம் செய்து, உள்ளே இருக்கும் காற்றை எடுத்துவிட்டு, கேபிள் குறியைச் சரியாக வைத்தால் இன்னும் நிறைய வருசம் உழைக்கும். முதல் டேங்க்குக்கு மட்டும், பம்ப் வேலை செய்கிறதா என்ற நம்பிக்கை வரும் வரை, லிட்டருக்கு 20 முதல் 30 மில்லி டூடி ஆயிலைப் பெட்ரோலிலும் கலந்துகொள்ளுங்கள்.

கட்டுத்தரையை ஒட்டி நின்றது என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்ததும் எனக்கு வயரிங்தான் ஞாபகம் வந்தது. மாட்டு மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் தின்றுவிடும். ஒயர் முனைகளை உரித்துப் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் அந்த நீளம் முழுக்க மாற்ற வேண்டும். கார்ப்பரேட்டர் ஜெட்டுகளும் பித்தளைதான், அவற்றையும் புதிதாகப் போடுங்கள். பாயிண்ட் ரெண்டு செட், சிலிண்டருக்கு ஒன்று. ரெண்டுக்கும் தனித்தனியாக, பிளக் ஓட்டை வழியாக டயல் கேஜ் வைத்து, பிஸ்டன் உச்சிக்கு வர ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் திறக்கிற மாதிரி டைமிங் வைக்க வேண்டும். காதால் கேட்டே வைத்துவிடுவேன் என்பவரிடம் இந்த வண்டியைத் தராதீர்கள்.

பெட்ரோல் ஹோஸ் எல்லாம் புதிது, இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் தாங்குகிற ரகமாகப் பார்த்து. டேங்க் உள்ளே துரு எடுத்தபின் பூச்சு பூசச் சொல்வார்கள். அந்தப் பூச்சும் எத்தனால் தாங்குகிறதா என்று கேட்காமல் பூசாதீர்கள், இளகி உரிந்தால் நேராக கார்ப்பரேட்டருக்குத்தான் வரும்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஜப்பானில் முன் டிஸ்க்கோடு விற்ற வண்டிக்கு, 1983-ல் இங்கே வந்தபோது டிரம் பிரேக்தான் போட்டார்கள். ஹை டார்க் மாடல் என்றால் 30.5 குதிரை சக்தி, லோ டார்க் என்றால் 27. உங்களுடையது எதுவானாலும் அந்த டிரம்முக்கு அது அதிகம்தான். முன் டிரம்மில் ஷூக்களை விரித்துத் தள்ளும் கேம் ரெண்டு, நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு கம்பி. அந்தக் கம்பியின் நீளம் சரியில்லாவிட்டால் ஒரு ஷூ மட்டும் பிடிக்கும், பாதி பிரேக்கோடு ஓட்டுவீர்கள். சக்கரத்தோடு டிரம்மை லேத்தில் லேசாகக் கடைந்து, புது லைனிங்கை டிரம் வளைவுக்கு ராவி, ரெண்டு ஷூவும் ஒரே நேரத்தில் தொடுகிற மாதிரி கம்பியை வையுங்கள். டயரில் பூ நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் ரெண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும், அடுத்த ரெண்டு இலக்கம் வருசத்தையும் காட்டும். அதைப் பார்த்தாலே வயசு தெரிந்துவிடும்.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுங்கள், போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் எழுதிப் போடுங்கள். ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதையே வாங்கிப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்ட ஜி.டி. நாயுடுவின் ஊர்க்காரர்கள் நாம். நீங்களும் மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், உங்கள் வண்டியை உங்களுக்கே தெரிய வேண்டும்.

கேள்வி: என்னிடம் முதல் வருசத்து ஹீரோ ஹோண்டா சிபிஇசட் இருக்கிறது. சர்வீஸ் செய்தும் திடீரென்று முறுக்கினால் ஒரு நொடி செத்துப் போய் அப்புறம்தான் எழுகிறது. புது கார்ப்பரேட்டர் போடச் சொல்கிறார்கள்.
– வாசகர், நாமக்கல்

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்த 156.8 சிசி வண்டியின் கார்ப்பரேட்டரில், முறுக்கியவுடன் ஒரு பீய்ச்சு பெட்ரோல் கூடுதலாகத் தருவதற்கென்றே தனி பம்ப் உண்டு. அதிலிருக்கும் ரப்பர் டயாஃப்ரம் காய்ந்து கிழிந்தால் நீங்கள் சொல்கிற அதே கோளாறு வரும். எஞ்சினை அணைத்து, ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பரைக் கழற்றி, உள்ளே பார்த்தபடி ஆக்சிலேட்டரை முறுக்குங்கள். மெல்லிய கம்பி மாதிரி பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். வரவில்லையென்றால் டயாஃப்ரத்தையும் அந்தச் சின்ன ஓட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். பீய்ச்சல் சரியாக இருந்தால் எஞ்சினுக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: என் தம்பி யமஹா ஆர்எக்ஸ் 100-க்குப் பெரிய சிலிண்டர் பிளாக் போட்டு, சைலன்சர் உள்குழாயையும் எடுத்துவிடலாம் என்கிறான். போடலாமா அண்ணா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம் தம்பி. 98 சிசி-யில் 11 குதிரை சக்தி தந்த அந்த எஞ்சினின் அழகே போர்ட், ரீட் வால்வு, சைலன்சர் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதில் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரும் எஞ்சினில் ஒரு பகுதி. உள்குழாயை எடுத்தால் சத்தம் கூடும், கீழ் வேகத்தில் இழுவை குறையும், ஜெட் மாற்றாவிட்டால் சூடும் ஏறும். போர் கடைசி சைஸுக்குப் போயிருந்தால் ஒரிஜினல் பிளாக்கை எடைக்குப் போடாதீர்கள், அதற்கே புது லைனர் இறக்கி ஸ்டாண்டர்டு பிஸ்டனுக்குக் கொண்டுவரலாம். 1996-லேயே நின்றுபோன வண்டி, ஒரிஜினல் பிளாக் இனிமேல் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: வண்டி இறந்துபோன அப்பா பேரில் இருக்கிறது, ஆர்சி-யும் காலாவதி. விண்டேஜ் என்று பதிவு செய்ய முடியுமா? 1988 மாடல்.
– வாசகி, தாராபுரம்

பதில்: முடியாதும்மா. 2021-ல் வந்த விண்டேஜ் விதி 50 வருசம் தாண்டிய வண்டிகளுக்குத்தான். நீங்கள் வழக்கமான வழியில் போக வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழோடு ஃபார்ம் 31-ல் பேர் மாற்றம், ஃபார்ம் 25-ல் புதுப்பிப்பு. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை நேரில் பார்த்த பிறகு 5 வருசத்துக்குத் தருவார்கள். தாமதத்துக்கு அபராதமும், பசுமை வரியும் இருக்கும். பழைய பதிவு கம்ப்யூட்டரில் ஏறாமலும் இருக்கலாம், அதை முதலில் ஆர்டிஓ ஆபீசில் விசாரித்துவிடுங்கள்.

ஒரு ரூபாய் செலவு செய்யும் முன் சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஆர்சி-யோடு ஒத்துப் பாருங்கள். பவுடர் கோட்டிங்குக்கு ஃப்ரேமைக் கொடுக்கும்போது நம்பர் இருக்கும் இடத்தை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லுங்கள். தடிமனான பூச்சில் நம்பர் மூழ்கிப்போய், அதைச் சுரண்டப் போய் எழுத்து கெட்டு, நல்ல வண்டி பதிவில்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஆர்டி வேலை முடிந்துவிட்டது. முதல் ஓட்டமாக வால்பாறை போய் வரலாம் என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள்.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இப்போது வேண்டாங்க. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, புது பிஸ்டனுக்கு ஏறும்போது சூடு. இறங்கும்போதுதான் இன்னும் ஆபத்து. ஆக்சிலேட்டரை மூடி கியரில் விட்டு இறங்கினால் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆயிலோ சொட்டு சொட்டாகத்தான் போகும், அங்கேதான் டூ ஸ்ட்ரோக் பிடித்துக்கொள்ளும். முதலில் உடுமலை ரோட்டில், வெயில் ஏறும் முன், பாதி முறுக்குக்கு மேல் போகாமல், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள். ரெண்டு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். ரெண்டும் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று வெளுத்திருந்தால் அந்தப் பக்கம் காற்று இழுக்கிறது, மேலே கோபிக்காரருக்கு எழுதிய சோதனையைச் செய்யுங்கள். முதல் சூட்டுக்குப் பிறகு ஹெட் நட்டுகளை எஞ்சின் முழுசாக ஆறியதும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஒரு ஆயிரம் கிலோமீட்டர் இப்படி ஓடட்டும். பிறகு வால்பாறை போங்கள், இறக்கத்தில் அவ்வப்போது கிளட்ச் பிடித்து ஒரு முறுக்கு கொடுத்துக்கொண்டே வாருங்கள், பிரேக்குக்கு இடைவெளி விட்டு.