டெக்சாஸில் வீட்டிலேயே ஹைஸ்கூல்: கிரெடிட் கணக்கு எப்படி, டிரான்ஸ்கிரிப்ட் யார் தருவார்கள்?

ஒருவர் என்னிடம் கேட்டிருப்பது இது: மகள் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள், டெக்சாஸில் இருக்கிறோம், ஒன்பதிலிருந்து வீட்டிலேயே படிக்க வைக்க யோசனை. நான்கு வருடப் பாடங்களை எப்படித் திட்டமிடுவது, கிரெடிட் எப்படிக் கணக்கிடுவது, டிரான்ஸ்கிரிப்ட் (நான்கு வருடப் பாடமும் மதிப்பெண்ணும் உள்ள பட்டியல்) யார் தருவார்கள், வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிக்கு கிரெடிட் உண்டா?

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

டிரான்ஸ்கிரிப்டை நீங்கள்தான் தர வேண்டும். வேறு யாரும் தர மாட்டார்கள். இதை முதலில் கேள்விப்பட்ட அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. உங்களுக்கும் கலக்கினால் நல்லதுதான், ஒழுங்காகச் செய்வீர்கள்.

கொஞ்சம் முன்னெச்சரிக்கை. நான் வக்கீல் இல்லை. சொல்வது டெக்சாஸுக்கு மட்டும். நியூயார்க்கில் காலாண்டுக்கு ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும், பென்சில்வேனியாவில் வருடாவருடம் தகுதியுள்ள ஒருவர் வந்து பார்த்து மதிப்பீடு எழுத வேண்டும், அந்தக் கதைகள் வேறு. அப்புறம், நான் பள்ளிக்கூடங்களுக்கு எதிரி இல்லை. என் அப்பா திருநெல்வேலிப் பக்கம் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "பிள்ளை நாலு பேரோடு பழக வேண்டாமா" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: என் மகனை எட்டாம் வகுப்பில் தினமும் காலையில் வாந்தி எடுக்க வைத்ததும் அந்த நாலு பேர்தான். அதற்கு மேல் விவரம் சொல்ல மாட்டேன், அவன் இதைப் படிப்பான்.

2018 கோடையில் மாவட்டப் பள்ளி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து அவனை விலக்கினோம். டெக்சாஸில் வீட்டுப் பள்ளியும் ஒரு தனியார் பள்ளிதான். 1994ல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு, இந்த ஐந்தையும் எழுத்தில் உள்ள பாடத்திட்டம் வைத்து மெய்யாகவே நடத்த வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. பட்டியலில் அறிவியலே இல்லை. என் கணவர் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "அடுத்த பக்கம் எங்கே?" என்றார்.

இந்தச் சுதந்திரம்தான் ஆபத்து. நான்கு வருடம் யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். நான்காம் வருடம் கல்லூரிக்காரர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

கிரெடிட் கணக்குக்கு வருகிறேன். 120 மணி நேரப் படிப்புக்கு ஒரு கிரெடிட். அரை வருடப் பாடம் 60 மணி என்றால் அரை கிரெடிட். இதன் பெயர் கார்னகி யூனிட். 1906 வாக்கில் கார்னகி அறக்கட்டளை கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கக் கிளம்பியபோது, எந்தக் கல்லூரியைக் கல்லூரி என்று ஒத்துக்கொள்வது என்ற கேள்வி வந்தது. உயர்நிலைப் பள்ளியில் இத்தனை யூனிட் படித்தவனைத்தான் சேர்க்கிறாய் என்றால் உனக்குப் பென்ஷன் என்றார்கள். நூறு வருடம் தாண்டியும் பிள்ளைகள் அந்த அளவுகோலில்தான் நிற்கிறார்கள். அப்பாவிடம் போனில் சொன்னேன். "பென்ஷன்ல இருந்து வந்ததா? அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அரசுப் பள்ளியில் தேற 22 கிரெடிட் வேண்டும், ஒரு துறையில் கூடுதல் தகுதியோடு முடித்தால் 26. சட்டப்படி அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒட்டியே போங்கள், டிரான்ஸ்கிரிப்டைப் பார்க்கும் கல்லூரிக்காரருக்குப் பழகிய உருவம் அது. நாங்கள் கடைசியில் அனுப்பியது 24: ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் தலா 4, தமிழ் 3, மிருதங்கம் 1, உடற்பயிற்சி 1, கம்ப்யூட்டரும் மற்றதும் 3.

"கடைசியில்" என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதலில் போட்ட வரைவில் 31 கிரெடிட் இருந்தது. எல்லாம் ஏ. சமையலுக்கு ஒரு கிரெடிட், தோட்ட வேலைக்கு அரை, ஊருக்குப் போய் வந்ததற்கு "இந்தியக் கலாசாரம்" என்று அரை. பக்கத்துத் தெருவில் ஒரு அமெரிக்க அம்மாள், நாலு பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்துக் கல்லூரிக்கு அனுப்பியவர். அவரிடம் பெருமையாக நீட்டினேன். மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்துவிட்டு, "இந்தப் பையன் எப்போது தூங்கினான்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதேன். அழுது முடித்துவிட்டு ஏழு கிரெடிட்டை அடித்தேன்.

ஏ.பி. (பள்ளிப் பருவத்திலேயே எடுக்கும் கல்லூரித் தரப் பாடமும் தேர்வும்) விஷயத்தில் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் மே மாதத் தேர்வை ஏதாவது ஒரு பள்ளியில் இடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். பத்தாம் வகுப்பில் உலக வரலாறு எடுத்தான். நான் படித்து வைத்திருந்த பழைய தகவல், பிப்ரவரி மார்ச்சில் கேட்டால் போதும் என்றது. அந்த 2019-20 கல்வியாண்டில்தான் பதிவை நவம்பர் 15க்கு மாற்றியிருந்தார்கள். பிப்ரவரியில் நான் போன் செய்த பள்ளிகளில் ஒன்று என்னைப் பேசி முடிக்கவே விடவில்லை, ஒன்று வெளி மாணவர்களுக்கு இல்லை என்றது, மூன்றாவதில் ஒருவர் கனிவாக "அடுத்த வருடம் செப்டம்பரில் கூப்பிடுங்கள்" என்றார். அப்புறம் கொரோனா வந்தது. அந்த மே மாதம் நாடு முழுக்கப் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தே 45 நிமிடத்தில் தேர்வை எழுதி முடித்தார்கள். வீட்டிலேயே படித்த என் பிள்ளை மட்டும் எழுதவில்லை! இன்றைக்கும் இதை நினைத்தால் சிரிப்பும் வரும், பல்லையும் கடிப்பேன்.

இன்னொன்று, தேர்வு எழுதினாலும் எழுதாவிட்டாலும், பாடத்தின் பெயரில் "ஏ.பி." என்று போட வேண்டுமானால் அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு உங்கள் பாடத்திட்டத்தை ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். பெற்றோரும் அனுப்பலாம், கொஞ்சம் வேலைதான். நான் அனுப்பவில்லை. அதனால் அந்த இரண்டு எழுத்தையும் அடித்துவிட்டு "உலக வரலாறு" என்று மட்டும் வைத்தேன்.

இனி மதிப்பெண். எங்கள் வீட்டில் பெரிய சண்டை வந்தது இதில்தான்.

பத்தாம் வகுப்புக் கெமிஸ்ட்ரிக்கு நான் பி போட்டேன். புத்தகக் கணக்கெல்லாம் நன்றாகத்தான் செய்தான். ஆனால் லேப் நோட்டு பாதியில் நின்றுவிட்டது. பாதி பரிசோதனை அவனே செய்யவில்லை, வீடியோ பார்த்தான். கணவர் கத்தினார். "பேனா நம்ம கையில, பேப்பர் நம்ம பேப்பர், எவன் கேக்கப் போறான்? பி எதுக்குப் போடற?" மாமியார் ஊரிலிருந்து, பெற்ற தாயே பிள்ளைக்கு மார்க்கைக் குறைக்கிறாளாம் என்றார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வருடம் அருகில் இருந்த கம்யூனிட்டி காலேஜில் டூயல் கிரெடிட்டில், அதாவது ஒரே பாடம் ஹைஸ்கூலுக்கும் கல்லூரிக்கும் கணக்காகும் ஏற்பாட்டில், சேர்த்தோம். அதில் சேரவும் அம்மா கையெழுத்துப் போட்ட டிரான்ஸ்கிரிப்ட்தான் கேட்டார்கள், கூடவே மாநிலத்தின் டி.எஸ்.ஐ. தகுதித் தேர்வு. 2021 வசந்தத்தில் அங்கே கெமிஸ்ட்ரி எடுத்தான். முன்பின் தெரியாத ஒரு பேராசிரியர் போட்ட கிரேடு: பி. கணவர் அந்தத் திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டீ போட எழுந்து போனார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

உங்கள் கையெழுத்தை யாரும் நம்ப வேண்டிய அவசியமில்லை. அதன் பக்கத்தில் நிற்க வெளியாள் போட்ட மதிப்பெண் இரண்டு மூன்று வேண்டும். டூயல் கிரெடிட், எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி சேர்க்கைத் தேர்வு, ஏ.பி., எது முடியுமோ அது. காலேஜ் கிரேடு நிரந்தரம், பிற்பாடு அழிக்க முடியாது, அதனால் ஒன்பதாம் வகுப்பிலேயே அவசரப்பட வேண்டாம். எஸ்.ஏ.டி. பதிவில் பள்ளிக் குறியீடு கேட்கும் இடத்தில் வீட்டுக்கல்விக்கு 970000. கல்லூரி விண்ணப்பத்தில் வகுப்புத் தரவரிசைக்கு "பொருந்தாது" என்று எழுதினேன். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் நம் பிள்ளைகளுக்கு அதைத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து அவர்களே கணக்கிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

பல கல்லூரிகளுக்கும் ஒரே விண்ணப்பமான காமன் ஆப்பில், பள்ளிக் கவுன்சலர் இடத்தில் உங்கள் ஈமெயில்தான் போகும். பள்ளியைப் பற்றிய அறிமுகப் பக்கம், கவுன்சலர் கடிதம், நடு வருட அறிக்கை, எல்லாம் நீங்களே. சொந்தப் பிள்ளையைப் பற்றி "இந்த மாணவர்" என்று எழுத எனக்கு மூன்று இரவு ஆனது. சிபாரிசுக் கடிதங்களை மட்டும் வெளியாட்களிடம் வாங்குங்கள்.

அப்பா விஷயத்தைச் சொல்லாமல் விட மனசில்லை. டிரான்ஸ்கிரிப்ட் தயாராகிறது என்றதும் போனில், "கையெழுத்து யாரும்மா போடுதது?" என்றார்.

"நான்தாம்ப்பா."

"நீயா? சீல்?"

"சீல்லாம் கேக்க மாட்டாங்கப்பா."

"சீல் இல்லாம ஒரு சர்ட்டிபிகேட்டா?" வருடக்கணக்கில் பச்சை மையில் டி.சி. கையெழுத்துப் போட்ட மனுஷர். அவரால் அதைத் தாங்க முடியவில்லை. ஒரு மாதம் கழித்து முறுக்குப் பார்சலுக்குள் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. நடுவில் எங்கள் வீட்டுப் பெயர், சுற்றிலும் "தலைமையாசிரியர்". தமிழிலேயே. ஒரு கல்லூரி கேட்டதற்காக வங்கியில் நோட்டரியிடம் போனபோது அதையும் எடுத்துப் போனேன், பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. நோட்டரி கையெழுத்து உங்களுடையது என்று மட்டும்தான் சொல்வார், மார்க்குக்கு அவர் பொறுப்பில்லை.

இப்போது தமிழ். கிரெடிட் உண்டு, தாராளமாகப் போடுங்கள். வாரம் 2 மணி வகுப்பு, 32 வாரம், 64 மணி. வீட்டுப்பாடமும் வாசிப்பும் வாரம் 2 மணி என்றால் இன்னொரு 64. மொத்தம் 128, ஒரு கிரெடிட் ஆச்சு. வேற்று மொழி இரண்டு வருடம் என்று கேட்கும் இடத்தில் இது நிற்கும். "ஸ்பானிஷ் போடுங்க, தமிழெல்லாம் எடுபடாது" என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் தமிழர்கள். கல்லூரியிலிருந்து ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. ஒரு இடத்தில் மட்டும் தமிழ் மூன்றாம் நிலையில் என்ன நடத்தினீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்டார்கள். சங்கப் பாடல்கள் பத்து, சிறுகதைகள் எட்டு, மாதம் ஒரு கட்டுரை, தாத்தாவோடு வாரம் ஒரு மணி நேர உரையாடல் என்று அரைப்பக்கம் எழுதி அனுப்பினேன். அதற்கு மேல் கேள்வி வரவில்லை. வெளியாள் சான்று வேண்டுமானால் அவான்ட் நிறுவனத்தின் ஸ்டாம்ப் என்ற மொழித்திறன் தேர்வு தமிழுக்கும் இருக்கிறது.

ஆனால் வருகைப் பதிவுக் கடிதத்தை இப்போதே தமிழ்ப் பள்ளியில் கேட்டு வையுங்கள். நான் ஏழு வருடம் சம்பளமில்லாமல் பாடம் எடுத்த இடம். மணி நேரக் கணக்கோடு ஒரே ஒரு கடிதம் கேட்டேன், நாலு மாதம் இழுத்தார்கள். வருகைப் பதிவேடு பழைய செயலாளரின் லேப்டாப்பில் இருக்கிறதாம், அவர் வேறு ஊருக்குப் போய்விட்டாராம். ஆண்டு விழாவில் சமோசாவுக்குப் பணம் கொடுத்தவருக்குப் பொன்னாடை உண்டு, மேடை உண்டு, ஐந்து நிமிடப் பேச்சு உண்டு. பனியிலும் வெயிலிலும் சனிக்கிழமை தவறாமல் வந்து ணகர னகரம் சொல்லிக்கொடுத்த ஆசிரியைகளை "எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று மொத்தமாக நிற்கவைத்து ஒரு கைதட்டல். நாற்காலிகளை மடித்து வைத்ததும் நாங்கள்தான். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். பொன்னாடைக்காக நான் போகவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும் போலிருந்தது.

சரி, உங்கள் விஷயம். ஆகஸ்டில் தொடங்குகிறீர்கள் என்றால் அன்றைக்கே பாடத்துக்கு ஒரு பக்கம் திறந்து, புத்தகத்தின் பெயர், பதிப்பு, செய்த மணி, எழுதிய கட்டுரை எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமைதோறும் எழுதுங்கள். நான் பதினோராம் வகுப்பில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பை நூலக ரசீதுகளிலிருந்தும் அமேசான் ஆர்டர்களிலிருந்தும் தோண்டி எடுத்தேன். டிரான்ஸ்கிரிப்ட் ஒரே பக்கம் போதும், பாட விவரங்கள் தனிக் கோப்பாக இருக்கட்டும். கூட்டுப் படிப்புக் குழுக்களில் சேர நினைத்தால் சேரும் முன் அவர்களின் விதிமுறையைப் படியுங்கள். இந்தப் பக்கம் பல குழுக்களில் கிறிஸ்தவ விசுவாச அறிக்கையில் கையெழுத்துக் கேட்பார்கள். தப்பென்று சொல்லவில்லை, அவர்கள் குழு அவர்கள் விதி. நாங்கள் கையெழுத்துக் கேட்காத ஒரு குழுவுக்கு 40 நிமிடம் காரோட்டினோம்.

மகள் எதில் ஆர்வமானவள் என்று நீங்கள் எழுதவில்லை. அறிவியல் பக்கம் என்றால் லேப் நோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் எக்செல் கோப்பு வேண்டுமானால் செய்தி அனுப்புங்கள், பையன் பெயரை அழித்துவிட்டுத் தருகிறேன்.