எண்ணெய்ப் பணம் கொட்டுகிற ஊரில் பள்ளிக்கு என்ன பஞ்சம்?

"எண்ணெய் கிடைத்து ஊரே பணக்கார ஊராகிவிட்டது, வரியும் கொட்டுகிறது. அப்புறம் ஏன் பிள்ளைகளைப் பெட்டி மாதிரியான தற்காலிக வகுப்பறைகளில் உட்கார வைக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் உள்ள வில்லிஸ்டன், வாட்ஃபோர்ட் சிட்டி பற்றி எதையோ படித்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே வந்திருக்கும் மற்ற பதில்கள் எல்லாம் "நிர்வாகம் சரியில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டன. அது நியாயமில்லை. பிள்ளை செப்டம்பரில் வந்து நிற்கும். அதற்கான பணம் அடுத்த வருடம்தான் வரும், அதுவும் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். சிக்கல் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

முதலில் அளவைப் பாருங்கள். வில்லிஸ்டனின் மக்கள்தொகை 2010 கணக்கெடுப்பில் 14,716; 2020-ல் 29,160. வாட்ஃபோர்ட் சிட்டி 1,744-லிருந்து 6,207. இதில் பாதிக்கு மேல் 2014-க்குள்ளேயே வந்த கூட்டம்.

இப்போது பணம். எண்ணெய்க் கிணறுகளுக்கு அங்கே சொத்து வரி கிடையாது. அதற்குப் பதிலாக உற்பத்தி மதிப்பில் 5 சதவீதத்தை மாநிலம் வசூலிக்கிறது. பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பான பள்ளி மாவட்டத்துக்கு அதில் ஒரு பங்கு வரும். ஆனால் 2013-ல் வந்த நிதிச் சூத்திரத்தின்படி, அப்படி வரும் தொகையில் முக்கால் பங்கை மாநிலம் தன் உதவித்தொகையிலிருந்து கழித்துக்கொள்ளும். கைக்கு மிஞ்சுவது கால் பங்குதான். அந்த உதவித்தொகையும் அப்போது முந்தைய ஆண்டு மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. 2013-14-ல் ஒரு மாணவருக்கு 8,810 டாலர். செப்டம்பரில் கூடுதலாக 40 பிள்ளைகள் வந்தால் 3,52,400 டாலர் அந்த ஆண்டுக் கணக்கில் இருக்காது. இரண்டு ஆசிரியர், மேசை நாற்காலி, புத்தகம், பேருந்து எல்லாம் அந்த ஆண்டே வேண்டும். வேகமாக வளரும் மாவட்டங்களுக்கென்று மாநிலம் தனி மானியம் கொடுத்தது உண்மை. அது பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பியது, மூடவில்லை.

கட்டடத்துக்குக் கடன் பத்திரம் வெளியிட வேண்டும். அதற்கு வாக்களிப்பவர்களில் 60 சதவீதம் பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். 59 வந்தால் தோல்வி. பழைய குடிகள் கஞ்சர்கள், அதனால்தான் தயங்கினார்கள் என்று எழுதுகிறார்கள். 1980-களில் எண்ணெய் விலை சரிந்தபோது, வில்லிஸ்டனில் ஆளே வராத மனைகளுக்குச் சாலையும் குழாயும் போட்ட கடனை வருடக்கணக்கில் அடைத்தவர்கள் அவர்கள்தான். பயம் இருக்காதா? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: எண்ணெய் லாரிகள் ஓட 85ஆம் எண் நெடுஞ்சாலை நான்கு வழியானபோது யாரும் ஊரைக் கூட்டி 60 சதவீதம் கேட்கவில்லை. பள்ளிக்கு மட்டும் கேட்டார்கள். இரண்டு ஊரிலும் புது உயர்நிலைப் பள்ளி திறந்தது 2016-ல்தான்.

முன்கூட்டியே கணிக்க முடியாதா என்பீர்கள். வழக்கமான கணிப்பு முறை இது: போன வருடம் இரண்டாம் வகுப்பில் 100 பேர், இந்த வருடம் மூன்றாம் வகுப்பில் 98 பேர் என்றால் விகிதம் 0.98. சில ஆண்டுகளின் சராசரியை எடுத்து முன்னே நகர்த்துவார்கள். நிதானமான ஊருக்கு இது போதும். திடீர் வளர்ச்சியில் பழைய விகிதம் எதற்கும் உதவாது. கட்டட அனுமதிப் பட்டியலை மாதாமாதம் நகராட்சியிடம் வாங்க வேண்டும். எந்த வகை வீட்டில் 100 குடித்தனத்துக்கு எத்தனை மாணவர் என்று ஏற்கெனவே சேர்ந்தவர்களின் முகவரியிலிருந்து சொந்தமாகக் கணக்கெடுக்க வேண்டும். தொழிலாளர் முகாமிலிருந்து பள்ளிக்கு அநேகமாக யாரும் வரமாட்டார்கள், அங்கே இருப்பவர்கள் தனி ஆட்கள். அதே ஆள் அடுக்குமாடிக்கு மாறும்போது மனைவி, பிள்ளைகள் வருகிறார்கள். வேலையாட்கள் எண்ணிக்கை கூடாமலேயே சேர்க்கை கூடுவது இதனால்தான். முதலில் வீங்குவது மழலையர் வகுப்பும் ஒன்று, இரண்டாம் வகுப்பும். உயர்நிலைப் பள்ளிக்கு அந்த அலை சில ஆண்டுகள் கழித்து வரும்.

தற்காலிக வகுப்பறையைத் தவிர்க்க முடியாது, ஆனால் அதைச் சரியாக வைக்கலாம். ஆகஸ்டில் வேண்டுமென்றால் பிப்ரவரிக்குள் சொல்லிவிட வேண்டும். கிரேன், மின்பணியாளர், வெல்டர் எல்லோரும் எண்ணெய் வேலையில் இருப்பார்கள். பழைய பள்ளியின் மின்மாற்றி, கூடுதலாக நான்கு பெட்டிகளின் மின்சார ஹீட்டரைத் தாங்குமா என்று மின் நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டும். பெட்டி வந்து இறங்கியபின் கேட்டால் குளிர்காலம் வந்துவிடும். அங்கே நிலம் பல அடி ஆழத்துக்கு உறையும். பெட்டியைத் தாங்கும் கால்களை மேலோட்டமாக நிறுத்தினால் உறைபனி நிலத்தைத் தூக்கி, கதவு சட்டத்தில் சிக்கிக்கொள்ளும். அடிப்பகுதியைச் சுற்றி வெப்பம் காக்கும் தடுப்பு இல்லாவிட்டால் தண்ணீர்க் குழாய் வெடிக்கும். அதற்குப் பயந்து கழிப்பறையை முதன்மைக் கட்டடத்தில் மட்டும் வைத்தால், ஆறு வயதுப் பிள்ளை மைனஸ் 30 டிகிரியில் கோட்டு மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். மூடிய நடைபாதைக்கு ஆரம்பத்திலேயே பணம் ஒதுக்குங்கள். தீ எச்சரிக்கை மணியும் அறிவிப்பு ஒலிபெருக்கியும் பெட்டிக்குள் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பது பலரும் மறக்கும் விஷயம்.

வகுப்பறை கூடியதும் அடுத்து நெரிவது சாப்பாட்டுக் கூடம். 250 இருக்கை இருக்கும் கூடத்தில் 1,000 பேர் சாப்பிட நான்கு பந்தி. பந்திக்கு 25 நிமிடம், மாறுவதற்கு 5 நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம். கடைசிப் பந்தி பன்னிரண்டரைக்குள் முடிய வேண்டுமென்றால் முதல் பந்தி காலை பத்தரைக்கே உட்கார வேண்டும். அதனால் புதுக் கட்டடம் கட்டும்போது சமையலறை, சாப்பாட்டுக் கூடம், கழிவுநீர்க் குழாய், கொதிகலன் ஆகியவற்றை இறுதி அளவுக்கே கட்டிவிட்டு, வகுப்பறைகளை மட்டும் பிறகு சேர்க்கும்படி ஒரு சுவரை விட்டுவைப்பதுதான் புத்திசாலித்தனம். காசு போதவில்லை என்று கூடத்தைச் சுருக்கினால், பிறகு எந்தப் பணத்தாலும் அதை நீட்ட முடியாது.

ஆள் கிடைப்பது இதைவிடக் கஷ்டம். பேருந்து ஓட்டுநரிடம் இருக்கும் கனரக உரிமம் தண்ணீர் லாரிக்கும் செல்லும், அங்கே சம்பளம் பல மடங்கு. சமையல்காரர், துப்புரவாளர் கதையும் இதுவே. ஆசிரியருக்குச் சம்பளத்தை ஏற்றினாலும் வாடகை விழுங்கிவிடும். வேலைக் கடிதத்தோடு வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கொடுக்க முடியாத மாவட்டத்துக்கு வெளி மாநிலத்து ஆசிரியர் வரமாட்டார். மாவட்டமே ஆசிரியர் குடியிருப்பு வைத்துக்கொண்டது ஆடம்பரத்துக்காக இல்லை.

"விலை விழுந்தால் எல்லோரும் போய்விடுவார்களே, எதற்கு நிரந்தரக் கட்டடம்?" என்று யாராவது கீழே கேட்பார்கள். மாநிலத்தில் புதுக் கிணறு துளையிடும் எந்திரங்களான ரிக்குகள் 2014-ல் 190-ஐ ஒட்டி இருந்து 2016 நடுவில் 30-க்கும் கீழே போயின. துளையிடும் குழுக்கள் கிளம்பின. ஆனால் தோண்டிய கிணறு எண்ணெய் தந்துகொண்டே இருக்கும், அதைப் பராமரிக்கிறவர்கள் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். 2021-ல் வில்லிஸ்டன் பள்ளி மாவட்டமும் சுற்றியிருந்த கிராமப்புறப் பள்ளி மாவட்டமும் ஒன்றாக இணைந்தபோதும் இடப்பற்றாக்குறை பேச்சு ஓயவில்லை.

நீங்களே இப்படி ஒரு ஊருக்குக் குடும்பத்தோடு போவதாக இருந்தால் ஒன்று: டிரெய்லரிலோ, உறவினர் வீட்டில் நெருக்கிக்கொண்டோ இருந்தாலும், வேறு வீடு கிடைக்காததால் அப்படி இருக்கிறீர்கள் என்றால், வீடில்லாதவர்களுக்காக 1987-ல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டப்படி முகவரிச் சான்றும் தடுப்பூசிச் சான்றும் இல்லாமலேயே பிள்ளையை உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். இதற்கென்று ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு தொடர்பு அலுவலர் இருப்பார். பள்ளி அலுவலகத்தில் அவரைக் கேளுங்கள், "சான்று கொண்டு வந்த பிறகு பார்க்கலாம்" என்று சொன்னால் திரும்பி வராதீர்கள்.