கிச்சடிக்கு எந்த ஊர்?

கேள்வி: கேரட், பீன்ஸ், கோஸ் என்று சீமைக்காய்களைத் தின்றே நம் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள். ஏகாதசி அன்று நான் பக்கத்து வீட்டு மராட்டிய மாமி சொல்லிக்கொடுத்த ஜவ்வரிசிக் கிச்சடியோடு சரி. சுத்தமான நம் நாட்டுச் சாப்பாடு! இதையெல்லாம் நீங்கள் எழுதக்கூடாதா?
- மாட்டுங்கா வாசகர், மும்பை

பதில்: எழுதிவிட்டால் போச்சு. உங்கள் கிச்சடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஜவ்வரிசி, மரவள்ளிக்கிழங்கு மாவில் உருட்டியது. கிழங்கின் பூர்வீகம் பிரேசில் பக்கம். வறுத்துப் பொடித்துப் போடும் வேர்க்கடலையும் தென் அமெரிக்காதான். உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலைக்காரர். உங்கள் ஊரில் அதைப் 'பட்டாட்டா' என்கிறார்களே, அந்தப் பெயரே போர்ச்சுகீசியரோடு கப்பலில் வந்தது. பச்சைமிளகாய்க்கு மெக்சிகோ. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியபோது இந்த நாலில் ஒன்றுகூட நம் அடுப்படியில் கிடையாது. தாளிக்கிற சீரகமும் மேற்கே இருந்து வந்ததுதான், என்ன, கொஞ்சம் முந்தி வந்துவிட்டது. நெய் நம்முடையது. அதில் சந்தேகமில்லை.

(ஒரு ஆறுதல்: நாட்டின் ஜவ்வரிசியில் பெரும்பங்கு சேலத்துப் பக்கத்து ஆலைகளில்தான் தயாராகிறது. அங்கே மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்று சொந்தப் பிள்ளை மாதிரிதான் கூப்பிடுவார்கள்.)

இனி, நீங்கள் திட்டிய கேரட். அது ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துப் பயிர். தூரத்தை அளந்து பார்த்தால் கிச்சடியைவிடக் கேரட்தான் நமக்குக் கிட்டத்து உறவு. இந்த மண்ணிலேயே பிறந்த துவரையும் கத்தரிக்காயும் என்ன ஆயின என்கிறீர்களா? ஏகாதசி அன்று பல வீடுகளில் அவை இரண்டுக்கும் வாசலோடு சரி!

விரதத்தைக் கேலி செய்யவில்லை. தானியம், பருப்பு கூடாது என்பது அதன் கணக்கு. கிழங்குக்கு எந்த ஊர் என்று அது கேட்கவே இல்லை, நீங்கள்தான் கேட்கிறீர்கள்.

அடுத்த ஏகாதசிக்குச் சுதேசியாகவே இருந்து தீர வேண்டுமென்றால் ஒரு வாழைப்பழம் போதுமே என்று எழுத வந்தேன். வாழையை முதலில் பயிராக்கியவர்கள் நியூகினிக்காரர்களாம். சரி, மாம்பழம்? அசல் நம் ஊர். ஆனால் ஆஷாட ஏகாதசி வருவதற்குள் ஹாபூஸ் சீசன் முடிந்துவிடும். ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.