டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்றாலே டிராகனும் மந்திரவாதியும்தானா?

இல்லை. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றக் காரணம் இருக்கிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதை நடத்தும் இந்த ஆட்ட வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது 1974-இன் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. இன்றும் அதுதான் பெரியது. படங்களிலும் தொடர்களிலும் பெரும்பாலும் அதையே காட்டுகிறார்கள். "எனக்கு மாயாஜாலக் கதை ஒத்துவராது" என்று ஆடிப் பார்க்காமலேயே ஒதுங்கிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. கதைசொல்லியாக ஒருவர் சூழலை விவரிப்பார், மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள், முடிவு உறுதியில்லை என்றால் பகடை உருளும். இதற்கு வாள் கட்டாயமே இல்லை.

1977-இல் வந்த 'டிராவலர்' விண்வெளிக் கதை. 1981-இன் 'கால் ஆஃப் கதுலு' இன்னும் வேறு மாதிரி. அதில் நீங்கள் ஒரு பேராசிரியராகவோ நிருபராகவோ இருப்பீர்கள். பூதத்தோடு மோதினால் பெரும்பாலும் சாவுதான்; நூலகத்தில் பழைய தாள்களைப் புரட்டித் துப்பு தேடுவதுதான் பலம். கோரமானதைப் பார்க்கப் பார்க்க மனத்தெளிவுக்கான புள்ளிகள் குறைந்துகொண்டே போகும். அப்புறம் 'ஃபியாஸ்கோ'வில் கதைசொல்லி என்று தனியாக ஒருவரே கிடையாது. சொதப்பிப்போகும் குற்றக் கதையை எல்லோரும் சேர்ந்து நடத்துவார்கள்.

துப்பறியும் கதை பிடித்தவர் நேராக 'கதுலு'விலேயே தொடங்கலாம்.