பட்டியல் தெரிந்தும் வரும் பிழை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற வினைகளை மூன்று வடிவங்களோடும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். 'கோ, வென்ட், கான்' என்று தடையில்லாமல் ஒப்பிப்பேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் 'ஐ டிட் நாட் வென்ட்' என்றும் 'ஐ ஹாவ் வென்ட்' என்றும் வந்துவிடுகிறது. அந்தப் பட்டியலை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பட்டியலை இனிப் படிக்க வேண்டாம். நீங்கள் காட்டிய இரண்டு பிழைகளிலும் வடிவங்கள் உங்களுக்குத் தெரிந்தே இருக்கின்றன. எது எங்கே நிற்கும் என்பதுதான் பிடிபடவில்லை.

ஆங்கில வினைத்தொடரில் காலத்தை முதலில் நிற்கும் வினை ஒன்றே ஏற்கும். துணைவினை இல்லாதபோது முதன்மை வினையே அதை ஏற்று 'ஐ வென்ட்' என்றாகிறது. மறுக்கவோ வினவவோ 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலம் முழுவதும் அதனிடம் போய்விடுவதால், அடுத்து வரும் வினை மூல வடிவத்தில்தான் நிற்க வேண்டும்: 'ஐ டிட் நாட் கோ', 'டிட் ஷி கோ?'. நாமும் 'போனேன்' என்பதை மறுக்கும்போது 'போனவில்லை' என்பதில்லையே, 'போகவில்லை' என்றுதானே சொல்கிறோம். வினாச்சொல்லே எழுவாயாக நிற்கும் 'ஹூ வென்ட்?' போன்ற கேள்விகளில் 'டிட்' தேவைப்படாததால் 'வென்ட்' அப்படியே இருக்கும். 'ஹாவ்', 'ஹாஸ்', 'ஹேட்' ஆகியவை துணைவினையாக வந்தால் மூன்றாம் வடிவம்: 'ஐ ஹாவ் கான்'. துணை ஏதுமின்றி 'ஐ சீன் இட்' என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் சிலர் பேசுவதுண்டு. எழுத்தில் அதைப் பின்பற்றாதீர்கள்.

பட்டியல் கைவிடும் இன்னோர் இடம், படுத்திருப்பதைக் குறிக்கும் 'லை'. அதன் இறந்தகாலம் 'லே'. கிடத்துவதையும் வைப்பதையும் குறிக்கும் வேறொரு வினைக்கோ 'லே' என்பதே மூல வடிவம், 'லெய்ட்' இறந்தகாலம். ஆகவே 'ஹி லே ஆன் தி பெட்' என்றால் அவன் படுத்திருந்தான். 'ஹி லெய்ட் தி புக் ஆன் தி பெட்' என்றால் புத்தகத்தை வைத்தான். செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

இந்த ஒழுங்கின்மை நீடிப்பதற்குக் காரணம் புழக்கம். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றிருந்த 177 வினைகளை ஆராய்ந்து 2007இல் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரை, அவற்றில் 98 மட்டுமே இன்றும் அப்படி இருப்பதாகவும், அரிதாக வழங்கியவையே விரைவாக 'எட்' விகுதிக்கு மாறியதாகவும் காட்டியது. 'ஹெல்ப்' என்பதற்கு ஒருகாலத்தில் 'ஹோல்ப்' என்ற இறந்தகாலம் இருந்தது; இன்று 'ஹெல்ப்ட்'. மாறாமல் எஞ்சியவற்றுள் பல அன்றாடம் வாயில் புரள்பவை என்பது உங்களுக்குச் சாதகம்தான்.

ஆகவே ஒரு வினையை எடுத்துக்கொண்டு அதை நான்கு வாக்கியங்களாக எழுதிப் பாருங்கள்: 'ஷி டுக் இட்', 'ஷி டிட் நாட் டேக் இட்', 'டிட் ஷி டேக் இட்?', 'ஷி ஹாஸ் டேக்கன் இட்'. அடுத்து 'ரைட்', 'ஸ்பீக்', 'ப்ரேக்' ஆகியவற்றை இதே முறையில் எழுதலாம். 'கட்', 'புட்' போன்றவை மூன்று வடிவங்களிலும் மாறாதவை என்பதால் அவற்றைக் கடைசிக்கு விட்டுவிடுங்கள்.